கிணற்றிலிருந்து தொடங்குங்கள்: கற்பனைத் தீவு நகரம் படைப்போருக்கு ஒரு திறந்த மடல்

கடலோரத் தீவு நகரங்களைக் கற்பனையில் எழுதுகிறவர்களுக்கும், கணினி விளையாட்டுக்காக அவற்றை வரைகிறவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் தீவுகளை நாங்கள் விரும்பிப் படிக்கிறோம். ஆனால் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. நடுவில் ஒரு மலை, மலைமேல் கோட்டை, பிறை வடிவத்தில் துறைமுகம், அதில் இருநூறு பாய்மரக் கப்பல்கள், ஊருக்குள் மூன்று லட்சம் மக்கள். அத்தனை பேரும் காலையில் எழுந்து முகம் கழுவ எங்கே போகிறார்கள் என்று வரைபடம் முழுக்கத் தேடினாலும் ஒரு கிணறு கண்ணில் படுவதில்லை. நகர அறிமுகத்தில் அரச வம்சத்துக்கு நான்கு பக்கம், கொடியின் நிறத்துக்கு ஒரு பத்தி. தண்ணீருக்கு ஒரு வரி கிடையாது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். தீவு நகரம் ஒன்றை அறிமுகம் செய்யும்போது தண்ணீர்க் கணக்கை முதலில் போடுங்கள். ஊர் எவ்வளவு பெரியது, தெரு எப்படி ஓடுகிறது, யார் கையில் அதிகாரம், எதிரி எங்கே கை வைப்பான் என்பதெல்லாம் அந்தக் கணக்கிலிருந்தே பிறக்கும். கற்பனைக்குக் கணக்கு எதற்கு என்பீர்கள். டிராகன் தாராளமாகப் பறக்கட்டும். அது எங்கே தண்ணீர் குடிக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

மணலில் இறங்கும் மழைநீர் கடல்நீரோடு உடனே கலந்துவிடாது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் கூடுதல் என்பதால் நன்னீர் அதன்மேல் மிதக்கும். தீவுக்கு அடியில் அது நடுவில் தடித்து, கரையோரம் மெலிந்து, மூக்குக்கண்ணாடி வில்லை போல நிற்கும். நிலத்தடி நீர் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பர்க் என்ற இருவர் பெயரால் வழங்கும் விதி. இதைத் திருப்பிப் போட்டால்தான் வயிறு கலங்கும். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை 1 அடி தாழ்த்தினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்புநீர் 40 அடி மேலேறி வரும். உள்நாட்டுக் கிணறு கோடையில் வற்றும், மழையில் ஊறும். தீவுக் கிணறு வற்றுவதற்கு முன்பே கரித்துப்போகும், கரித்த கிணறு தேறப் பல மழைக்காலங்கள் ஆகும்.

இதனால் உங்கள் கதைகளில் அடிக்கடி வரும் 'நூறடி ஆழ அரண்மனைக் கிணறு' தீவில் நிற்காது. வறட்சி வந்தால் ஆழப்படுத்துவது உள்நாட்டான் பழக்கம். தீவில் ஆழப்படுத்துகிறவன் உப்பைத் தேடிப் போகிறான். அங்கே கிணறுகள் ஆழம் குறைந்தவை, வாய் அகன்றவை, எண்ணிக்கையில் அதிகம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். துலா போட்டு இறைக்கும் வேகத்தை வில்லை தாங்கும். பம்பு வைத்து ஒரே இடத்தில் உறிஞ்சினால் கிணற்றின் நேர் கீழே உப்பு கூம்பு போல எழுந்து வரும். தனுஷ்கோடியில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் தோண்டி, ஆழமில்லாத ஊற்றில் குடிக்கத் தக்க தண்ணீர் எடுக்கிறார்கள். அந்த ஊற்றை இன்னும் பத்தடி தோண்டினால் என்ன ஆகும் என்று அங்கே ஒரு சிறுபிள்ளையிடம் கேட்டாலும் சொல்லும்.

தீவின் அகலமும் மண்ணும் முக்கியம். ஒரே பரப்புள்ள இரண்டு தீவுகளில் ஒன்று உருண்டையாகவும் மற்றது கயிறு போல நீண்டும் இருந்தால், நீண்டதன் வில்லை மெலிந்து கிடக்கும். மணல் நீரைப் பிடித்து வைக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ளது போன்ற சுண்ணக்கல்லில் பிளவுகளும் குகைகளும் உண்டு, அவற்றின் வழியே நன்னீர் கடலுக்கும் போகும், உப்பு உள்ளேயும் வரும்.

ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் தீவு 4 கிலோமீட்டர் நீளம், 1.5 கிலோமீட்டர் அகலம், அதாவது 6 சதுர கிலோமீட்டர், மணல் பூமி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டர். அதில் கால் பங்கு நிலத்தடிக்குப் போனால் ஆண்டுக்கு 150 கோடி லிட்டர். அவ்வளவையும் எடுக்க முடியாது, ஏனெனில் வில்லையை உப்புக்கு மேலே தூக்கிப் பிடிப்பதே அந்த நீர்தான். மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்தினால் 50 கோடி லிட்டர், நாளுக்கு 13.7 லட்சம். ஆளுக்கு 50 லிட்டர் என்றால் 27,000 பேர். தோட்டம், மாடு, சாயப்பட்டறை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். மூன்று லட்சம் பேர் வேண்டுமென்றால், மிச்சத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் உங்கள் கதை.

கூரை ஒரு வழி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரை, 1,000 மில்லிமீட்டர் மழை, சிந்தியதும் ஆவியானதும் போக 80 சதவீதம் என்று வைத்தால் 80,000 லிட்டர். கேட்க நிறைய இருக்கிறது, சிக்கல் சேமிப்பில். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு 20 லிட்டர் வீதம் நாளுக்கு 100 லிட்டர். மழையில்லாத 7 மாதத்துக்கு 21,000 லிட்டர். அதற்கு மூன்றரை மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழமுள்ள தொட்டி வேண்டும். வீட்டின் ஓர் அறையளவு இடம் தரைக்கடியில் போய்விடுகிறது. இவ்வளவு பெரிய தொட்டி கட்ட வசதியுள்ளவன் யார், இல்லாதவன் யாரிடம் குடம் நீட்டுகிறான் என்று எழுதினால் வர்க்கப் பிரிவை விளக்கத் தனி அத்தியாயம் தேவைப்படாது. அட்லாண்டிக் தீவான பெர்முடாவில் கூரைகளை வெள்ளைச் சுண்ணக்கல்லில் படிப்படியாக அமைப்பது மரபு, கூரை மழையைத் தொட்டிக்கு இறக்குவது சட்டப்படியான கட்டாயம். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டிய மொசாம்பிக் தீவின் தட்டைக் கூரைகளும் மழை பிடிக்கக் கட்டியவையே. அங்குள்ள சான் செபாஸ்தியான் கோட்டைக்குள் பெரிய மழைநீர்த் தொட்டி உண்டு.

வெனிஸைப் பார்த்து எழுதுகிறவர்கள் கால்வாயையும் படகையும் மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்க வேண்டியது கிணற்றை. அங்கே சதுக்கத்தின் நடுவில் இருப்பது ஊற்றுக் கிணறு அல்ல, மழைநீர் வடிகட்டி. சதுக்கத்தைச் சில மீட்டர் ஆழம் தோண்டி, உப்பு உள்ளே வராமல் பக்கங்களிலும் அடியிலும் களிமண் பூசி, குழி முழுக்க மணல் நிரப்பி, நடுவில் செங்கல் குழாய் போல ஒரு தண்டு எழுப்பினார்கள். சுற்றிலும் கல்லில் துளைகள். சதுக்கத்திலும் கூரைகளிலும் பெய்த மழை துளை வழியே இறங்கி, மணலில் வடிந்து, நடுத் தண்டில் தெளிந்து நிற்கும். 19ஆம் நூற்றாண்டில் இப்படி 6,000க்கும் மேற்பட்ட கிணறுகள் இருந்தன. வெனிஸில் சதுக்கம் அங்கே இருப்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை, அது ஊரின் தண்ணீர்ப் பரப்பு. கடல் பொங்கி உப்புநீர் துளைக்குள் புகுந்துவிட்டால் அந்த மணல் முழுவதும் கெட்டது. அதனால்தான் கிணற்றின் வாயைப் படிகளின்மேல் உயர்த்தி வைத்தார்கள். மழை பொய்த்தால் பிரென்டா ஆற்றுநீரைப் படகில் கொண்டுவந்து கிணற்றில் ஊற்றுவதற்கென்றே ஒரு தொழில்குழு இருந்தது. குழாய்த் தண்ணீர் 1884இல்தான் வந்தது.

தண்ணீர் வெளியிலிருந்து வந்தால் ஊரின் கழுத்து வெளியில் இருக்கிறது. பாரசீக வளைகுடாவின் வாயிலில் இருந்த ஹொர்முஸ், தண்ணீரும் விளைச்சலும் இல்லாத உப்புத் தீவு. பெரும் வணிக நகரமாக வாழ்ந்தது, குடிநீரைப் பக்கத்துக் கிஷ்ம் தீவிலிருந்தும் பெருநிலத்திலிருந்தும் படகில் வாங்கிக்கொண்டு. அதைக் காக்கப் போர்த்துகீசியர் கிஷ்மின் கிணறுகளருகே ஒரு கோட்டை கட்டினார்கள். 1622இல் பாரசீகரும் ஆங்கிலேயரும் முதலில் பிடித்தது அந்தக் கோட்டையை. ஹொர்முஸ் அதன் பின்னால் விழுந்தது. உங்கள் நாவலில் எதிரி எப்போதும் பிரதான வாயிலையே இடித்துக்கொண்டிருப்பது எங்களுக்கு வியப்பாக இருக்கிறது.

இன்றைய காலத்து நகரமென்றால் மாலத்தீவின் தலைநகர் மாலேயைப் பாருங்கள். சுமார் 2 சதுர கிலோமீட்டரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். நிலத்தடி நீர் குடிக்கும் நிலையில் இல்லாததால், கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாயில் விடுகிறார்கள். 2014 டிசம்பர் 4 அன்று சுத்திகரிப்பு நிலையத்தில் தீ. இயந்திரங்கள் நின்றன, ஊர் முழுக்கக் குழாய் காய்ந்தது. இந்தியாவிலிருந்து விமானத்திலும் கடற்படைக் கப்பலிலும் தண்ணீர் போனது. கதைக்கு இதைவிடக் கச்சிதமான தொடக்கம் எங்களுக்குத் தெரியாது: வில்லன் கிடையாது, வெடிகுண்டு கிடையாது, ஒரே ஒரு அறையில் புகை.

கழிப்பறையை யாரும் எழுதுவதில்லை, ஆகவே நாங்கள் எழுதுகிறோம். மணல் தீவில் நிலத்தடி நீர் ஒரு ஆள் ஆழத்தில் நிற்கும்போது, குழிக்கக்கூஸும் கிணறும் ஒரே நீரைப் பகிர்கின்றன. தீவின் நடுப்பகுதியில்தான் வில்லை தடித்து நல்ல தண்ணீர் கிடைக்கும், ஊரும் நடுவில்தான் நெருங்கும். ஊர் வளர வளர தன் கிணற்றைத் தானே கெடுக்கும். வாந்திபேதி வருவதற்கு ஒரு சாபம் தேவையில்லை. விவரமான ஊர் என்ன செய்யும்? நடுவில் வீடு கட்டத் தடை போட்டுக் கிணற்றடித் தோப்பாக விடும், வீடுகளைக் கரைப்பக்கம் தள்ளும், மலத்தை ஓதம் வற்றும் நேரத்தில் கடலில் சேர்க்கும். சுடுகாடும் இடுகாடும் வேறு தீவுக்குப் போகும். வெனிஸின் பிணங்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சான் மிக்கேலே தீவுக்குப் படகில் போகின்றன. தொற்றுநோய்க்காரர்களும் அப்படியே. 1423இல் வெனிஸ் காயலில் ஒரு தீவையே நோயாளிகளுக்கு ஒதுக்கினார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களை ராமேசுவரத்துக்குக் கடல் தாண்டும் முன்பே மண்டபம் முகாமில் நிறுத்திச் சோதித்ததும் இந்தக் கணக்கில் சேரும்.

அடுத்தது விறகு. 25,000 பேருக்கு ஆளுக்கு 400 கிராம் அரிசி என்றால் நாளுக்கு 10 டன். அதைச் சமைக்க ஆளுக்கு ஒரு கிலோ விறகு என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 25 டன். அரிசி ஏற்றிய தோணி ஒன்று வந்தால் விறகு ஏற்றிய தோணி இரண்டரை வர வேண்டும். இதில் சுண்ணாம்புக் காளவாயைச் சேர்க்கவில்லை. தீவின் மரங்கள் முதல் தலைமுறையிலேயே அடுப்புக்குப் போய்விடும், மிச்சக் கன்றை ஆடு தின்றுவிடும். பனை மட்டையும் தென்னம் பாளையும் உங்கள் ஊரின் உண்மையான எரிபொருள். உங்கள் நகரத்தில் 'அடர்ந்த காடு சூழ்ந்த' என்று ஒரு வரி இருந்தால் அழித்துவிடுங்கள், அல்லது காட்டுக்குக் காவல்காரர் யார் என்று எழுதுங்கள்.

வீடு எதனால் கட்டியது? சலவைக்கல் என்று எழுதாதீர்கள். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் தீவு நகரங்களான கில்வா, லாமு போன்றவற்றில் சுவர் முருகைக்கல் (பவளக் கல்), சாந்து அதே முருகைக்கல்லைச் சுட்ட சுண்ணாம்பு, கூரையின் உத்தரம் சதுப்புக் கரையில் வளரும் கண்டல் மரம். கண்டல் கழி மூன்று மீட்டருக்கு மேல் பாரம் தாங்காது. ஆகவே அறையின் அகலம் மூன்று மீட்டருக்குள் அடங்கிவிடும், நீளம் எவ்வளவு வேண்டுமானாலும் போகும். சுல்தான் வீட்டு அறையும் குறுகியதுதான், வரிசையாகப் பல அறை இருப்பதுதான் அவருடைய செல்வம். இந்த ஒரு அளவை நினைவில் வைத்தால் அரண்மனைக்குள் நூறடி அகல மண்டபத்தை நீங்கள் போட மாட்டீர்கள். போட்டால் அந்த நீள மரத்தை எந்த நாட்டிலிருந்து, என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கும். கல் எடுத்த பள்ளத்தையும் மறக்காதீர்கள். மொசாம்பிக் தீவில் கல் வீடுகளுக்காகத் தோண்டிய பள்ளத்தில்தான் ஏழைகளின் ஓலைக் குடிசைப் பகுதி இருக்கிறது. அவர்கள் கூரை, தெருவில் நடப்பவன் இடுப்புக்குக் கிட்டே. மழை வெள்ளம் யார் வீட்டுக்குள் போகும் என்று விளக்கத் தேவையில்லை.

தமிழில் 'ஓதம்' என்ற ஒரே சொல் கடலின் ஏற்றத்தையும் சுவரில் ஏறும் ஈரத்தையும் குறிக்கிறது. தீவில் இரண்டும் ஒன்றுதான். உப்பு ஈரம் அடிச்சுவரில் ஏறி, காய்ந்து, உப்புப் பூத்து, காரையை உதிர்க்கும். வெனிஸில் அடிவரிசைக்கு நீர் ஊறாத இஸ்ட்ரியக் கல்லை வைத்து அதற்கு மேல் செங்கல் எழுப்பினார்கள். அந்தக் கல்வரிசைக்கு மேல் கடல் ஏறத் தொடங்கியதும் செங்கல் தின்னப்படுகிறது. அடியில் சேற்றில் அறைந்த மரக்கழிகள் நிற்கின்றன, நீருக்கடியில் காற்றுப் புகாததால் மட்கவில்லை. நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் உள்ள மரமும் இரும்பும்தான் முதலில் போகும். கதையில் எதையாவது இடிந்து விழச் செய்ய நினைத்தால் அந்த இடத்தில் விழச் செய்யுங்கள்.

இனி துறை. தீவைச் சுற்றிலும் கப்பல் நிற்கும் என்பது வரைபடத்தில் மட்டும் நடக்கும். பாம்பன் தீவில் வாடையும் கொண்டலும் வீசும் ஐப்பசி, கார்த்திகையில் பாக் நீரிணைப் பக்கம், அதாவது வடகடல் கொந்தளிக்கும். மேல்காற்றான கச்சான் வீசும் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கத் தென்கடல் பொங்கும். காற்றுக்கு மறைவான பக்கத்துக்கு மீனவர்கள் படகை மாற்றிக்கொள்கிறார்கள். உங்கள் நகரத்துக்கும் இரண்டு துறை கொடுங்கள். இரண்டு சுங்கச்சாவடி, ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும் ஒரு கடைத்தெரு, பருவம் மாறும் வாரத்தில் மூட்டை முடிச்சோடு ஊரைக் குறுக்காகக் கடக்கும் கூலிக்காரர்கள். இது எந்தத் திருவிழா வருணனையைவிடவும் ஊரைக் காட்டும்.

ஓத நேரத்தில் நடக்கும் பிழை சொல்லி முடியாது. 'தினமும் விடிகாலை ஆறு மணிக்கு ஓதம் ஏறும்போது படகு புறப்படும்' என்று எழுதுகிறீர்கள். பெரும்பாலான கரைகளில் நீர் உச்சம் தொடும் ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் இடையே 12 மணி 25 நிமிடம். இன்று ஆறு மணி என்றால் நாளை ஆறு ஐம்பது, மறுநாள் ஏழு நாற்பது. ஒரு வாரத்தில் காலைப் பெருக்கு நண்பகலைத் தொட்டுவிடும். ஏறும் வேகமும் சீராக இருக்காது. ஆறு மணி நேரத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. நடு இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர் நகர்ந்துவிடும், கால்வாயில் இழுப்பும் அப்போதுதான் உச்சம். துரத்தல் காட்சிக்கு அந்த நேரம், சத்தமில்லாமல் நுழைய அந்த நேரத்தின் இரு ஓரங்கள்.

ஏற்ற இறக்கத்தின் அளவும் இடத்துக்கு இடம் வேறு. பாக் நீரிணையில் முழங்கால் அளவு, மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 4 மீட்டருக்கு மேல். இது துறையின் உருவத்தையே மாற்றும். முழங்கால் அளவென்றால் மரப்பலகை மேடை போதும். 4 மீட்டரென்றால் பாசி படிந்த நீண்ட படிக்கட்டு வேண்டும், வற்றில் படகு சேற்றில் சாய்ந்து கிடக்கும். ஒரு எண் கணக்கு: துறை வாயிலில் வற்றின்போது 2.2 மீட்டர் நீர், அமாவாசை ஓதம் 1.2 மீட்டர், கப்பலின் அடி அமிழ்வது 2.8 மீட்டர். பெருக்கில் 3.4 மீட்டர் கிடைக்கும், அரை மீட்டருக்கு மேல் மிச்சம், கப்பல் நுழையலாம். அட்டமியை ஒட்டிய நாட்களில் ஓதம் அரை மீட்டராகச் சுருங்கும், அதாவது நடுமட்டமான 2.8 மீட்டருக்கு மேலும் கீழும் கால் கால் மீட்டர். அப்போது பெருக்கிலும் 3.05 மீட்டர்தான், கால் மீட்டர் மிச்சத்தில் ஒரு அலை தூக்கிப் போட்டால் தரை தட்டும். ஆக இந்த ஊருக்குப் பெரிய கப்பல் மாதத்தில் இரண்டு தவணைதான் வரும். சந்தை அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் பின்னால் கூடும், கடன் தவணையும் கூலியும் அதை ஒட்டியே நடக்கும். மற்ற நாளில் கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்க, சரக்கைச் சிறு தோணிகள் இறக்கும். துறைமுகம் கட்டும் முன் சென்னையில் அப்படித்தான், கயிற்றால் தைத்த மசூலா படகுகள் அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆளையும் கரை சேர்த்தன. ஆணி அடித்த படகு தரையில் மோதினால் பிளக்கும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும்.

மணலை நிலையானது என்று நினைக்காதீர்கள். கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை கரையும். நம் கிழக்குக் கரையில் ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. 1870களில் தொடங்கிச் சென்னைத் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதும் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. உங்கள் இளவரசர் கட்டும் பெருமைமிகு துறைமுகச் சுவரும் யாரோ ஒருவருடைய குப்பத்தைக் கரைத்துக்கொண்டுதான் நிற்கும். இதன் மறுபக்கம் வெனிஸ். ஆறுகள் கொண்டுவரும் வண்டலால் காயல் தூர்ந்து ஊர் கரையோடு ஒட்டிவிடும் என்று பயந்து, பிரென்டா, பியாவே போன்ற ஆறுகளின் வாயையே காயலுக்கு வெளியே திருப்பினார்கள். தீவாக இருப்பதற்கு அந்த ஊர் நூற்றாண்டுக் கணக்கில் மண் வெட்டியிருக்கிறது.

புயலை எழுதுகிறவர்கள் காற்றை எழுதுகிறார்கள், ஆளைக் கொல்வது பெரும்பாலும் நீர். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர் உயரும். 50 குறைந்தால் அரை மீட்டர்தான். மிச்சமெல்லாம் காற்று ஆழமில்லாத கடலின் நீரைக் கரைமேல் தள்ளுவதால் வருவது. அதனால் அமைதியான ஆழமற்ற விரிகுடாவில் உள்ள ஊருக்கே ஆபத்து அதிகம், செங்குத்தாக ஆழத்தில் இறங்கும் பவளத் தீவில் நீர்மட்டம் அவ்வளவு ஏறாது, பேரலை மோதும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி ரயிலோடும் நிலையத்தோடும் போனது, ஆழமற்ற கடலின் நீர் இப்படித் தள்ளப்பட்டு வந்ததால். அமெரிக்காவின் கால்வெஸ்டன் தீவு நகரத்தில் மிக உயர்ந்த தரை கடலுக்கு மேல் 9 அடிகூட இல்லை, 1900 செப்டம்பர் 8 அன்று வந்த நீர் சுமார் 15 அடி. குறைந்தது 6,000 பேர் இறந்தார்கள்.

அதன் பிறகு அவர்கள் செய்தது எந்த மாயக்கதைக்கும் சளைக்காதது. 17 அடி உயரக் கடற்சுவர் எழுப்பினார்கள். பின் ஊரையே உயர்த்தினார்கள். வீடுகளைத் திருகு ஜாக்கி வைத்துத் தூக்கி, குழாய்களையும் டிராம் பாதையையும் தூக்கி, கடலடி மணலைத் தண்ணீரோடு கலந்து குழாய் வழியே அடியில் பாய்ச்சினார்கள். 3,000 டன் தேவாலயம் ஒன்றை 700 ஜாக்கிகள் வைத்து 5 அடி ஏற்றினார்கள். ஆண்டுக்கணக்கில் மக்கள் பலகைப் பாலங்களில் நடந்தார்கள், உப்புச் சேற்றில் பழைய தோட்டங்கள் பட்டுப்போயின. ஊர் பிழைத்தது. ஆனால் 1914இல் ஹூஸ்டனுக்குக் கப்பல் கால்வாய் திறந்ததும் சரக்கு உள்நாட்டுக்குப் போய்விட்டது.

பெயரைப் பற்றி ஒரு வரி. 'எல்டோரியா', 'அக்வாநோவா' வேண்டாம். முனை, குடா, பாடு, வாடி, தீடை, துறை, பட்டினம் என்று நம்மிடமே கடலோரச் சொற்கள் குவிந்து கிடக்கின்றன, ஒவ்வொன்றும் நிலத்தின் ஓர் உருவத்தையோ ஒரு தொழிலையோ சொல்லும். தீடை என்று பெயர் வைத்தால் அது மணல்திட்டு, அங்கே கோட்டை கட்டாதீர்கள்.

கடைசியாகப் பாலம். கரையோடு இணைந்த நாளிலிருந்து அது வேறு ஊர். கி.மு. 332இல் அலெக்சாந்தர் இன்றைய லெபனான் கரையருகே இருந்த தீர் தீவை முற்றுகையிட்டுக் கடலில் கல் கொட்டி ஒரு பாதை போட்டார். அதன் இரு பக்கமும் மணல் ஒதுங்கி ஒதுங்கி, தீர் இன்று தீவே இல்லை. பாம்பனில் 1914இல் ரயில் பாலம், 1988இல் சாலைப் பாலம், 2025இல் தூக்கு அமைப்புள்ள புதிய ரயில் பாலம். சிங்கப்பூருக்கு ஜொகூரிலிருந்து தண்ணீர் வந்த குழாய், 1942 ஜனவரி இறுதியில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படைகள் இணைப்புப் பாதையைத் தகர்த்தபோது அதோடு போனது. சில நாளில் ஜப்பானியரின் முற்றுகை, இரண்டு வாரத்தில் சரண். எனவே உங்கள் நகரத்தை எழுதும்போது, கதை பாலத்துக்கு முன்பா பின்பா என்பதை முதல் பக்கத்திலேயே முடிவுசெய்யுங்கள். பின்பு என்றால், குடிநீர்க் குழாய் பாலத்தின் எந்தப் பக்கத்தில் தொங்குகிறது, அதன் வால்வு எந்தக் கரையில் இருக்கிறது, சாவி யாரிடம் என்பதையும் வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரைபடங்களில் கிணறு தேடும் சிலர்